சாவிக்குச் சந்தனம் வைத்தவன்

எந்த ரிப்பேர்க்காரனாவது ‘அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிடும்’ என்று சொன்னால், தயவுசெய்து எழுந்து வீட்டுக்குப் போய்விடுங்கள். குளியுங்கள், சாப்பிடுங்கள், முடிந்தால் ஒரு குட்டித் தூக்கமும் போடுங்கள். உத்திரமேரூர் கடைத்தெருவில் இருபது வருஷத்துக்கு மேலாக ரேடியோ, டிவி, மிக்ஸி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிரித்துப்போட்டுப் பிழைக்கிறவன் நான். என் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன், நம்பலாம். எதிரில் ஆள் நிற்கிறாரே, எதையாவது சொல்லவேண்டுமே என்று எங்கள் வாயில் வந்து விழுவதுதான் அந்த அஞ்சு நிமிஷம்.

ஒரே ஒரு காலைப்பொழுதில் நான் அதைப் பதினேழு தடவை சொன்னேன் என்று என் அக்கா கணக்கு வைத்திருக்கிறாள். (அவள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். பதினைந்து இருக்கலாம்.) அன்றைக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது வாடிக்கையாளர் இல்லை. என் அம்மா.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்துநாலு வயது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, வீட்டின் முன்னறையையே கடையாக்கி உட்கார்ந்திருந்தேன். அந்த வயதில் எனக்கிருந்த தலைக்கனத்தை எடை போட்டிருந்தால் நெல்மண்டித் தராசு தாங்கியிருக்காது. யார் எதைக் கொண்டுவந்தாலும் ‘இது ஒரு மேட்டரே இல்ல’ என்பேன். நான் தொட்டபிறகு அது உண்மையிலேயே பெரிய மேட்டராகிவிடும்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அக்காவும் மாமாவும் மெட்ராஸிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். பழைய கார்தான், ஆனால் முன்னால் வைத்திருந்தவர் அதற்கு சென்டர் லாக், திருட்டு சைரன், ரிமோட் சாவி எல்லாம் மாட்டியிருந்தார். மாமா பத்தடி தள்ளி நின்று பட்டனை அழுத்துவார். கார் ‘கீக் கீக்’ என்று கத்தி, கண்ணைச் சிமிட்டி, நாலு கதவையும் பூட்டிக்கொள்ளும். டீக்கடைக்குப் போகும்போது ஒரு கீக், வெற்றிலை வாங்கப் போகும்போது ஒரு கீக். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு வயிறு எரிந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

சாயங்காலம் பூஜை. கார் முன்னால் இரண்டு வாழைக்கன்று, பானெட்டில் சாமந்தி மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கடைக்குள் சாமி படத்துக்கு முன்னால் என் ஆயுதங்கள்: மீட்டர், சால்டரிங் அயர்ன், ஸ்குரூ டிரைவர், கட்டிங் பிளேயர். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவன், மாமாவைப் பார்த்தேன்.

“மாமா, அந்தச் சாவியக் குடு. அதுவும் ஆயுதம்தான.”

மாமா காரை ஒருமுறை கீக்கி விட்டு, பயபக்தியோடு கொடுத்தார். நான் சாதாரணமாகவா வைத்தேன்? மீட்டருக்கு ஒரு பொட்டு, அயர்னுக்கு ஒரு பொட்டு. ஆனால் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்த சாவி ஆயிற்றே! பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் வழித்து முன்னும் பின்னும் அப்பினேன். பட்டனுக்கு மேலே தனியாக ஒரு பெரிய பொட்டு. தீபாராதனை முடிந்ததும் தண்ணீர் தெளித்ததில் சாவிக்குத்தான் அதிகம் போயிற்று. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை மறுபூஜை வரைக்கும் எடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆக, சாவி ராத்திரி முழுக்கச் சந்தனத்தில் ஊறியது.

மறுநாள் விஜயதசமி. காலையில் மறுபூஜை முடிந்ததும், எட்டு மணிக்குக் கடை போன் அடித்தது. ராஜகுளத்திலிருக்கும் பெரியம்மாவின் மகன். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் கூப்பிட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

“குமாரு, அம்மாவுக்கு ரொம்ப முடியலடா. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில கீறோம். ராத்திரிலர்ந்து சித்தி பேரையே சொல்லிகினு கீறாங்க. எப்படியாவுது இட்டுகினு வந்துடு.”

அந்த ஒன்பது வருஷத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பெரியம்மா என் அம்மாவுடைய கூடப்பிறந்த அக்கா. என் அக்கா கல்யாணத்தில் பந்தி முடிந்து எல்லாரும் கிளம்பும்போது, தாம்பூலப் பை தீர்ந்துபோயிற்று. அம்மா உள்ளே போய் மூட்டையைப் பிரித்து எடுத்து வருவதற்குள், வெறுங்கையோடு பெரியம்மா வேன் ஏறிவிட்டார். ‘கூடப்பொறந்தவளுக்கு ஒரு வெத்தலபாக்கு இல்லாம பூட்ச்சி’ என்று அவர். ‘ரெண்டு நிமிஷம் நிக்கக்கூடாதா, நான் இன்னா ஓடியா பூட்டேன்’ என்று இவர். அவ்வளவுதான் சண்டை. அதற்கப்புறம் நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு, இரண்டு பேரும் மற்றவர் முதலில் வரட்டும் என்று ஒன்பது வருஷம் காத்திருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா எழுந்தார். உள்ளே போய்ப் புடவை மாற்றினார். பூஜைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த வெற்றிலையில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினார். பாக்கு, மஞ்சள், ஒரு முழம் பூ. எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். ஒன்பது வருஷம் முன்னால் கொடுக்காமல் விட்டதைக் கொடுக்கப்போகிறார். அவரைக் காரில் கூட்டிப்போகப் போகிறேன் என்று எனக்கு ஒரு பெருமை வந்தது பாருங்கள், அதுதான் என்னைக் கெடுத்தது. போனைக் கையில் எடுத்து, அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டு, கடைத்தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்:

“அண்ணே, பெரியம்மாகிட்ட சொல்லிடு. கார்ல வரோம். முக்கா மணி நேரத்துல அங்க கீறோம்.”

வெளியே மாமா, பூஜையிலிருந்து எடுத்த சாவியை மேலாகத் துடைத்துவிட்டு, பட்டனை அழுத்தினார். கார் பேசவில்லை.

கிட்டப் போய் அழுத்தினார். எட்டப் போய் அழுத்தினார். கையைத் தலைக்கு மேல் தூக்கி அழுத்தினார். கண்ணாடியில் ஒட்டவைத்து அழுத்தினார். ‘தே, தொறடா’ என்று காரைப் பார்த்துக் கெஞ்சவும் செய்தார்.

“மச்சான், இது இன்னா பேஜாரா பூச்சி? நீ டிப்ளமாகாரனாச்சே, கொஞ்சம் பாரேன்.”

“இது ஒரு மேட்டரே இல்ல மாமா. அஞ்சு நிமிசம்.”

அப்போதுதான் எதிரே காஞ்சிபுரம் பஸ் வந்து நின்றது. அம்மா எழுந்தார். “நைனா, பஸ்சு வந்துகினு கீது. இதுல போயிடலாமா?”

“ஒக்காரும்மா. கார் கீறப்ப பஸ்சுல போவாங்களா யாராவுது? அஞ்சு நிமிசம்.”

அம்மா உட்கார்ந்தார். மணி எட்டே முக்கால்.

சாவியின் பின்பக்கத்தில் நாலு திருகு, கடுகு அளவு. கழற்றினேன். மூடியைத் திறந்ததும் குப்பென்று சந்தன வாசனை அடித்தது. உள்ளே பார்த்தேன். ரப்பர் பட்டனுக்குக் கீழே, செம்புக் கோடுகள் மேலே, சந்து பொந்தெல்லாம் சந்தனம் இறங்கி, சுவருக்குப் பூசிய சிமெண்டு மாதிரி காய்ந்திருந்தது. என்னுடைய மூன்று விரல் சந்தனம்.

இந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன செய்திருப்பான்? ‘அம்மா, சாவியை நான்தான் நாசம் பண்ணிட்டேன், கிளம்பு, பஸ்சுல போலாம்’ என்று சொல்லியிருப்பான். அடுத்த பஸ் பிடித்திருந்தால்கூட நேரம் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரும் பார்ப்பதற்குள் கைலி முனையால் பரபரவென்று துடைத்துவிட்டு, நிமிர்ந்து மாமாவிடம் சொன்னேன்.

“உள்ள ஈரம் எறங்கிகீது மாமா. பழைய ஓனரு ஒயுங்கா வெச்சிக்கல.”

“அந்த ஆளு மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன்,” என்றார் மாமா. முகம் தெரியாத அந்த மனிதரிடம் இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

பிளேடை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். மஞ்சளாக எது தெரிந்தாலும் சுரண்டினேன். அதில் ஒரு மூலையில் குட்டியாக ஒரு திருகு, அதன் தலையில் மஞ்சளாக ஒரு சொட்டு. அதையும் சுரண்டினேன். அது சந்தனம் இல்லை, மெழுகு. சாவியும் காரும் ஒரே அலைவரிசையில் பேசவேண்டும். அந்தத் திருகுதான் அலைவரிசையைப் பிடித்து வைத்திருப்பது. யாரும் அதைத் தொடக்கூடாது என்றுதான் செய்தவர்கள் மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். நான் ரேடியோ மெக்கானிக். ஸ்டேஷன் எடுக்காத ரேடியோவில் முதலில் திருகைத் திருகிப் பார்ப்பதுதான் என் கைப்பழக்கம். மெழுகு போனதும் கை தன்னால் போயிற்று. இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று. எங்கே ஆரம்பித்தேன் என்று குறித்து வைத்துக்கொள்ளவில்லை. அதுவரை சாவிக்கு ஒரு வியாதிதான் இருந்தது.

“ஆச்சா நைனா?”

“தோ ஆச்சிம்மா. அஞ்சு நிமிசம்.”

மூடிப் பொருத்தி அழுத்தினால் சாவியிலிருக்கும் சிவப்பு லைட்டே எரியவில்லை. அப்போதுதான் பேட்டரி ஞாபகம் வந்தது. டிவி ரிமோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் ஒவ்வொருத்தரிடமும் ‘மொதல்ல பேட்டரிய மாத்திப் பாத்தியா?’ என்று கேட்டுக் கேலி செய்கிறவன், அரைமணி நேரம் பிளேடால் சுரண்டிவிட்டுப் பேட்டரியைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க ஈரச் சந்தனம் பட்டனை அழுத்தின மாதிரியே வைத்திருந்ததில் அது சுத்தமாகச் செத்திருந்தது.

சுண்டுவிரல் நுனி அளவில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. உத்திரமேரூரில் யாரிடமும் கிடையாது. விஜயதசமி அன்று பாதிக் கடை திறக்கவே இல்லை. வாட்ச் ரிப்பேர்க்காரர் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, எட்டு கடிகார பேட்டரி வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சைக்கிள் ட்யூப் துண்டால் இறுக்கிச் சுற்றி, ஒன்றரை எட்டு பன்னிரண்டு என்று கணக்குப் போட்டு உள்ளே வைத்தேன். சொன்னால் சொன்னதுதான், அது நல்ல வேலை. சிவப்பு லைட் எரிந்தது. ‘மாமா!’ என்று நான் போட்ட சத்தத்தில் அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அதற்குள் இரண்டாவது பஸ் போயிருந்தது.

லைட் எரிந்து என்ன? அலைவரிசைதான் எங்கேயோ போய்விட்டதே. அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கே என்னை அறையலாம் போலிருக்கிறது. மாமா காரோடு காதை ஒட்டி நின்றார். நான் கடைவாசலில் உட்கார்ந்து திருகை ஒரு மயிரிழை திருப்புவேன், பட்டனை அழுத்துவேன்.

“வந்திச்சா மாமா?”

“வர்ல மச்சான்.”

ஒரு மயிரிழை.

“இப்ப?”

“வர்ல.”

அம்மா பையிலிருந்து வெற்றிலையை எடுத்துப் பார்த்தார். வெயில் கடைவாசலுக்கு வந்துவிட்டிருந்தது. ஓரமெல்லாம் துவண்டிருந்தது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, ஈரத்துணியில் சுற்றித் திரும்பப் பைக்குள் வைத்தார். ‘ஆச்சா’ என்று கேட்பதை நிறுத்தியிருந்தார். நான்தான் கேட்காமலே ‘அஞ்சு நிமிசம்மா, அஞ்சு நிமிசம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பஸ்ஸும் போனது. மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. “விடு மச்சான், கையால தொறந்துடலாம்,” என்று சாவியைக் கதவில் விட்டுத் திருகினார். கதவு திறந்தது. அடுத்த நொடி சைரன்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. திருடன் வந்தால் தெருவைக் கூட்டுவதற்காகச் செய்தது. அது தன் கடமையைச் செய்தது. வாழைக்கன்றும் மாலையுமாகக் கல்யாண மாப்பிள்ளை போல நின்ற கார், நாலு விளக்கையும் அணைத்து அணைத்து எரித்துக்கொண்டு ஊளையிட்டது. தெருவே கூடிவிட்டது. பக்கத்து டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு வந்து நின்று, “இன்னாபா, காரு இப்பிடி அழுவுது? சாவு வூடு கணக்கா!” என்றார்.

பாவம், அவருக்கு என்ன தெரியும்? அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அக்கா ‘அய்யய்யோ’ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் பானெட்டைத் திறந்து, கட்டிங் பிளேயரால் கண்ணில் பட்ட ஒயரை நறுக்கினேன். (அது ஹாரன் ஒயர்.) இன்னொன்றை நறுக்கினேன். சத்தம் நின்றது. மாமா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். இஞ்சின் ‘டிக்’ என்றுகூடச் சொல்லவில்லை. ரிமோட் அனுமதி கொடுக்காமல் கிளம்பாதபடி அதற்கும் ஒரு பூட்டு வைத்திருந்தார்கள்.

“அஞ்சு நிமிசம் மாமா, அந்தப் பூட்டையும்…” என்று ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டேன். தலையை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஸ்டூல் காலியாக இருந்தது. அம்மா மஞ்சள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்துத் தனியாக நடந்துகொண்டிருந்தார்.

ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒருத்தர் எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார். ஒரு மணி நேரப் பயணத்தில் அம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அண்ணன் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பெரியம்மா போய் ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது.

அம்மா உள்ளே போனார். பெரியப்பா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவர் அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா பெரியம்மாவின் நெற்றியில் குங்குமத்தைச் சரிசெய்தார். தலையில் பூவை வைத்தார். ஈரத்துணியைப் பிரித்து வெற்றிலை பாக்கை எடுத்து, அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து உள்ளே வைத்து மடக்கப் பார்த்தார்.

“வாங்கிக்கோக்கா. எம்மேல கோவம் வச்சிக்காத. வாங்கிக்கோ.”

விரல்கள் மூடவில்லை. அம்மா தன் கையாலேயே மூடிப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். என் நகத்திலிருந்து சந்தனம் இன்னும் போயிருக்கவில்லை.

காரைச் சரிசெய்ய மூன்று நாள் கழித்து ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்தார். பட்டாணி அளவில் ஒரு பட்டன் இருந்தது. சாவியை ஆன் செய்து அதை இரண்டு தடவை அழுத்தினார். இஞ்சின் கிளம்பிவிட்டது. “ரிமோட் மக்கர் பண்ணா இத்த அமுக்கிட்டுப் போய்கினே இருக்க வேண்டியதுதான். எல்லா வண்டியிலயும் வெச்சிருப்பாங்களே, வாங்குறப்ப சொல்லலியா?” என்றார். மாமா தலையைச் சொறிந்தார். சொல்லியிருந்தார்களாம்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நான் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டி சாவியைத் தூக்கி எறிந்திருப்பேன். முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு ராஜகுளம் போனோம். பந்தியில் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பாவின் தங்கச்சி பரிமாறிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போல, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“அவ மாப்ளகிட்ட காரு கீது. போன் பண்ணது எட்டு மணிக்கு. உத்தரமேரூரு இன்னா டில்லியிலயா கீது? மூச்சு நிக்கட்டும்னு காத்துகினு இருந்துட்டு வந்தா. வைராக்கியம்னா அப்பிடி இருக்கணும்.”

பந்தியில் ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. அப்போதுதான் புரிந்தது, ஊரே பதினாறு நாளாக அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்கும் தெரியும். ‘எம்புள்ள ரிப்பேர் பண்றேன்னு ஒக்கார வச்சிட்டான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. இலையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

சாம்பார்க் கையோடு எழுந்து நின்றேன்.

“அம்மா இல்ல. நான்தான். நான்தான் லேட்டு பண்ணேன். சாவிக்குச் சந்தனம் வெச்சிட்டேன்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார்.

“எந்தச் சாவிக்கு?” என்றார் பெரியப்பா. பதினாறு நாளில் எங்கள் பக்கம் திரும்பி அவர் பேசிய முதல் வார்த்தை அது.

“கார் சாவிக்கு. ரிமோட் சாவிக்கு. மூணு வெரலால. ரெண்டு பக்கமும்.”

அவர்கள் நம்பவேண்டுமே! ஆரம்பத்திலிருந்து சொன்னேன். சந்தனத்தைத் துடைத்து மறைத்ததைச் சொன்னேன். மெழுகைச் சுரண்டியதை, எட்டு கடிகார பேட்டரியை, ஹாரன் ஒயரை வெட்டியதை. அம்மா ‘பஸ்சுல போலாம்’ என்றதையும், கார் இருக்கும்போது பஸ்ஸில் போவார்களா என்று நான் கேட்டதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. அழுதால் அம்மாவுக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைப்பார்களோ என்று பயந்து, இன்னும் கோமாளித்தனமாகச் சொன்னேன். மாமா காரோடு காதை வைத்து நின்றதை நடித்துக் காட்டினேன். ‘வந்திச்சா மாமா?’ என்றேன். எதிர்ப்பந்தியிலிருந்து மாமா, நல்ல மனுஷன், இலையிலிருந்து தலையை நிமிர்த்தி ‘வர்ல மச்சான்’ என்றார். சைரன் வந்த இடத்தில் அவரே வாயால் ஊளையிட்டும் காட்டினார்.

எங்கோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் இன்னொருத்தர். காரிய வீட்டில் சிரிக்கக்கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு பந்தி முழுக்கக் குலுங்கியது. பெரியப்பா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சந்தனமா,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “சாவிக்கு,” என்றார். அவர் தோளும் குலுங்கியது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார்.

“சோறு ஆறிப் போவுது பாரு. சாப்புடும்மா.”

அம்மா ஒரு வாய் எடுத்து வைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அது நிரந்தரமாகிவிட்டது. யார் வீட்டு விசேஷமானாலும் பந்தி முடிந்ததும், “குமாரு, அந்தச் சந்தனக் கதையச் சொல்லு,” என்று பிடித்துக்கொள்வார்கள். ஆயுத பூஜை அன்று எல்லார் வீட்டிலும் ரிமோட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மூடி, ‘குமாரு வரான்’ என்று ஒளித்து வைக்கிறார்கள். நான் ‘அஞ்சு நிமிசம்’ என்று சொன்னால் போதும், சின்னப் பிள்ளைகள்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புவது போல நடித்துக் காட்டும். நானும் சளைக்காமல் சொல்கிறேன். வருஷத்துக்கு வருஷம் கதையில் நான் இன்னும் கொஞ்சம் முட்டாளாகிக்கொண்டே போகிறேன். எத்தனை பேர் சிரிக்கிறார்களோ அத்தனை பேருக்கு அம்மா மேல் தப்பில்லை என்று தெரிந்துவிடுகிறதே, அது போதும் எனக்கு.

ஒன்றே ஒன்றை மட்டும் எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை. காரியத்தன்று சாயங்காலம் ராஜகுளத்தில் எங்களை பஸ் ஏற்றிவிட அண்ணன் வந்திருந்தார். அம்மா கொஞ்சம் தள்ளி நின்றிருந்தபோது, என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“ஒங்கிட்ட மட்டும் சொல்றேன், சித்திகிட்ட சொல்லிடாத. நீ கார்ல வரோம்னு சொன்ன பாரு, அத்த அம்மா காதுல போட்டேன். கண்ண மூடிகினுதான் இருந்தாங்க. வாசல்ல ஒவ்வொரு தபா காரு சத்தம் கேக்கசொல்லோ கண்ணத் தொறந்து கதவப் பாத்தாங்க. பத்தே கால் வரிக்கும் பாத்துகினு இருந்தாங்க.”

அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கண்ணுக்கு அச்செழுத்து தெரிவதில்லை. இன்று காலை நான் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்துவிட்டு, “இன்னாடா, அந்தச் சாவி கதையா? எயுதி முடிச்சிட்டு எனக்குப் படிச்சிக் காட்டு,” என்றார். காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பந்தியில் எல்லாரும் சிரித்த இடத்தோடு நிறுத்திக்கொள்வேன்.